சாரின் இடது காது

இந்த அறையில் மின்விசிறி தேவைக்கு மேல் சுற்றுகிறது. ரெகுலேட்டரை ஒரு புள்ளி குறைத்தால் அந்தக் கிரீச் சத்தம் நின்றுவிடும். எழுந்து குறைக்கட்டுமா? வேண்டாமென்றால் சரி. எந்தத் திருகைக் கண்டாலும் என் விரல் சும்மா இருக்காது. ஸ்டுடியோவில் ஒலிக் கருவிகளோடு குப்பை கொட்டுகிறவனுக்கு வருகிற வியாதி. விபத்து என்று நீங்கள் நிம்மதியாக மூடிவைத்த வழக்குக்கு நானே வந்து திறப்பு விழா நடத்துவதும் அந்த வியாதியால்தான்.

எங்கள் ஸ்டுடியோ தில்லி ஓக்லாவில். எங்கேயோ நடக்கும் கபடியைத் திரையில் பார்த்துக்கொண்டே ராமமூர்த்தி சார் தமிழில் நேரடி வர்ணனை செய்வார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அவருடைய ஹெட்போனில் இடது காதுக்கு ஆட்டத்தின் சத்தம், வலது காதுக்கு என் குரல். அவர் முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால், அவர் பேசுவது நேயர்களுக்குப் போகாது, எனக்கு மட்டும் வரும். அவசரத்துக்கு வைத்த பொத்தான். சார் அதை ஜோக் சொல்லப் பயன்படுத்தினார்.

"பாலு, அந்த ரெஃப்ரீயைப் பாரேன். டிபன் பாக்ஸைத் தொலைச்சவனாட்டமே நிக்கறான்."

அடுத்த நொடி பொத்தானை விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் நேயர்களிடம் கர்ஜிப்பார். நான் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவேன்.

மயூர் விஹாரில் ஒற்றை அறையில் இருக்கிறேன். பால்காரரிடம் "பையா, ஆதா லிட்டர்" என்று இந்தியில் அரை லிட்டர் கேட்பதோடு வெளியுலக உரையாடல் முடிந்துவிடும். தமிழெல்லாம் அந்தப் பொத்தான் வழியாகத்தான் வந்தது. பரிதாபப்படாதீர்கள், நான் நன்றாகத்தான் இருந்தேன்.

ஒருநாள் விளம்பர இடைவேளையில் அதே பொத்தானில் சொன்னார்: "சென்னைல கூப்பிட்டிருக்கா பாலு. சீசன் முடிஞ்சதும் கிளம்பறேன். இனிமே தில்லியை நீதான் கட்டி ஆளணும்."

நல்ல ஜோக். சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவருடைய இடது காதின் ஒலியை மயிரிழை குறைத்தேன்.

அவர் தன் பெட்டியில் கூட்டினார். நான் இங்கே குறைத்தேன். நாளுக்கு நாள் இப்படியே போய், ஒருநாள் அவருடைய திருகு கடைசி வரை போய் நின்றுவிட்டது. அதன் பிறகு சார் இடது பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு வர்ணிக்க ஆரம்பித்தார். அவரோடு வர்ணனை செய்யும் இந்துஜாவுக்குச் சந்தேகம் வந்தது.

"பாலு அண்ணா, சாரோட ஹெட்போனை ஜரா செக் பண்ணுங்களேன்."

"நீயே போட்டுப் பாரும்மா" என்று கொடுத்தேன். கொடுப்பதற்குள் இரண்டு திருகையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். "டீக்தான் இருக்கு, நல்லா கேக்குது" என்று அவள் திருப்பிக் கொடுத்தபோது சாரின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். காது கணீரென்று இருக்கிறதாம்.

"பொய் சொல்றார் பாலு. வயசாயிடுத்துன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல அவருக்கு மனசு வரலை" என்றார் சார்.

அவர் டாக்டரை நம்பிவிட்டால் அடுத்தது பெட்டியைத்தானே பிரித்துப் பார்ப்பார்? அதனால் வலது காதில் அவ்வப்போது, மிக மெல்ல, "சார்" என்று கூப்பிட்டேன். உடனே பொத்தானை அழுத்துவார். "கூப்பிட்டியா?" "இல்லையே சார்." அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொன்னதில்லை.

சென்னைக்கு அவரே வரவில்லை என்று சொல்லிவிட்டார். அன்றே எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தார். "இப்ப யாராவது கூப்பிட்டாளா பாலு?" என்று ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுத்தான் நம்பினார். சார் வீட்டில் அவர் மனைவி ராஜலக்ஷ்மி மாமி எனக்கு இரண்டாவது தோசையை வைத்தபடி, "நீங்க இருக்கேளேன்னுதான் எனக்குத் தைரியம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. நான் இளகிய மனசுக்காரன்.

பிறகு சாரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஆள் முகம் தெரியாமல் குரல் மட்டும் கேட்டால் திரும்புவதில்லை. "திரும்பத் திரும்பத்தான் அது வளர்றது" என்றார். "அச்சா யோசனை சார்" என்று பாராட்டினேன்.

விபத்தன்று சாயங்காலம் மெட்ரோவை விட்டு இறங்கி நடந்தோம். வழியில் வண்டிக்காரரிடம் அவருக்காகக் கொய்யா பொறுக்கிக்கொண்டிருந்தேன். சார் மெதுவாகச் சாலையைக் கடக்க ஆரம்பித்திருந்தார். டெம்போ ஒன்று எதிர்த்திசையில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. தில்லியில் ஹாரனுக்கெல்லாம் நின்றால் யாரும் வீடு போய்ச் சேர முடியாது.

"சார், வண்டி வருது. நில்லுங்க சார்" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன், கொய்யாக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

அவருக்குக் கேட்டது. எப்படித் தெரியுமென்றால், தொங்கிக்கொண்டிருந்த வலது கையின் கட்டைவிரல் காற்றில் ஒருமுறை அழுந்தியது. கூப்பிட்டியா என்று கேட்க அந்தப் பொத்தானை அழுத்துவாரே, அதே மாதிரி. பிறகு தலையை ஆட்டிக்கொண்டார், தன்னைத்தானே கேலி செய்துகொள்வது போல. திரும்பாமல் நடந்தார்.

எழுதிக்கொள்ளுங்கள். இடது காதைக் குறைத்தது நான். வலது காதில் கூப்பிட்டது நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். எத்தனையோ வருஷம் அவர் காதுக்குள் பேசியவன் நான். தேவைப்பட்ட அந்த ஒரே நொடியில் சார் என் குரலை நம்பவில்லை. அதை மட்டும்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.