வாலில் இருபத்திரண்டு

– அக்கா, இறங்கிடு. அஞ்சு வயசுக்கு மேல யாரும் ஏறக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு. பார்க் ஓனரம்மா ஐஸ்கிரீம் கடையிலிருந்து நம்மளையே பாத்துக்கிட்டு இருக்காங்க.

– பாக்கட்டும். ஹெலிகாப்டருக்குள்ள ஒரு பல் டாக்டர் உக்காந்திருந்தா யாரா இருந்தாலும் பாக்கத்தான் செய்வாங்க. நீ டார்ச்சை நேரா பிடி தம்பி. எவனோ கார் ஸ்டியரிங்கைக் கொண்டாந்து மாட்டி வச்சிருக்கான். அதுக்குப் பின்னாடிதான் நம்பர் எழுதின பலகை இருக்கு.

– இதுவும் அப்பா ஓட்டின பதினேழு இல்லைன்னா நான் தலை முழுகிடறேன். எந்த ஓட்டல் மொட்டை மாடியில பழைய ராணுவ ஹெலிகாப்டர் நிக்குது, எந்தக் காயலான் கடையில பாதி அறுத்துப் போட்டிருக்குன்னு ஆறு வருஷம் நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன். என் பொண்டாட்டி என்னைக் காணோம்னு சொல்றதையே விட்டுட்டா. 'ராடார்ல இல்லை'ங்கிறா.

– அலைஞ்சே, சரி. எதைப் பாத்து அலைஞ்சே? வாலைப் பாத்து. பழைய கார் வாங்கி விக்கிறவன் நீ. நம்பர் பிளேட்டை நம்பி எவனாவது கார் வாங்குவானா?

– குத்திக் காட்டாதே அக்கா. வண்டி உடம்புல அடிச்சிருக்கிற சேஸிஸ் நம்பரைப் பாக்கணும், எனக்குத் தெரியும். கார்னா பாத்திருப்பேன். ஹெலிகாப்டருக்கு வாலைக் கழட்டி வேற வால் மாட்டுவாங்கன்னு நான் என்ன கனவா கண்டேன்?

– போன வாரம் காலேஜ் மைதானத்துல வால்ல பதினேழுன்னு பாத்ததும் கட்டிப் பிடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டே. நல்ல வேளை, உள்ளேயும் ஒண்ணு எடுத்தே. பைலட் முன்னாடி இருக்கிற பலகையில இருபத்திரண்டுன்னு போட்டிருந்தது. உன் கண்ணுல பட்டுதா?

– படலை, தாயே. நீதான் கண்டுபிடிச்சே. அதான் ஒத்துக்கிட்டேனே. பதினேழோட வால் அங்க இருபத்திரண்டு உடம்புல ஒட்டிக்கிட்டு இருந்தா, இருபத்திரண்டோட வால் எங்க இருக்கோ அங்கதான் பதினேழோட உடம்பு இருக்கணும். இருபத்திரண்டு எங்கேன்னு நம்ம ஹெலிகாப்டர் பைத்தியங்க குரூப்புல கேட்டேன், ஒருத்தன் உடனே இந்தப் பார்க்கோட போட்டோவை அனுப்பிட்டான். வால் இதோ நிக்குது. நீ உடம்பைச் சுரண்டு.

– சுரண்டிக்கிட்டுதானே இருக்கேன். மஞ்சள் பெயிண்டுக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே பச்சை. சொத்தைப் பல்லுகூட இவ்வளவு படுத்தாது.

– ஏங்க, என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? என் ஹெலிகாப்டரை எதுக்குச் சுரண்டுறீங்க?

– போச்சு, மாட்டிக்கிட்டோம். வணக்கம் ஓனரம்மா, ஒரு சின்ன விஷயம்...

– சின்னதோ பெரிசோ, முதல்ல கீழ இறங்குங்க. இந்தப் பார்க்குல ஊஞ்சலை உடைச்சாக்கூட நாலு திட்டுத் திட்டிட்டு விட்டுடுவேன். இதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

– ஒரே ஒரு நிமிஷம்மா. சுரண்டின இடத்துக்கு நானே பெயிண்ட் அடிச்சுத் தரேன். எங்க அப்பா ராணுவத்துல ஹெலிகாப்டர் ஓட்டினவர்.

– இருக்கட்டும். அதுக்கு?

– பெரிய வெள்ளம் வந்தப்போ பள்ளிக்கூட மொட்டை மாடியில தவிச்சுக்கிட்டிருந்த ஜனங்களை அவர்தான் தூக்கிட்டு வந்தார். அதுல ஒருத்தங்களுக்கு வலி எடுத்து, ஆகாசத்துலயே குழந்தை பொறந்தது. இதை எத்தனையோ வருஷமா சொல்றார், ஒருத்தரும் நம்பலை. பதினேழு அன்னிக்கு ஷெட்டை விட்டே கிளம்பலை, போனது இருபத்திரண்டுதான்னு ராணுவத்துல சாதிச்சுட்டாங்க. மெடலும் இருபத்திரண்டோட பைலட்டுக்குப் போயிடுச்சு. அவர் அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தவர். மெடல் வாங்க மட்டும் எழுந்து வந்தார்.

– எங்க அப்பாவுக்கு என்ன கிடைச்சதுன்னு கேளுங்க. பட்டப்பேர். எந்த விசேஷத்துக்குப் போனாலும், 'புளுகு பைலட் வந்துட்டார், இறங்க இடம் விடுங்கப்பா'ன்னு ஒரு சிரிப்பு. அதையெல்லாம் அவரும் சேர்ந்து சிரிச்சுட்டுப் போயிடுவார். போன மாசம் அக்கா பையன், 'தாத்தா, கதை விடாதீங்க'ன்னுட்டான். அன்னியோட அந்தப் பேச்சையே விட்டுட்டார்.

– என் வயித்துல பொறந்த பிள்ளை சொன்னான்மா. எனக்கு அதுதான் தாங்கலை. அவர் பொய் சொல்லலைன்னு ஒரே ஒரு தடவை எல்லார் முன்னாடியும் காட்டிடணும். வேற ஒண்ணும் வேணாம்.

– அழாதே அக்கா.

– அழலைடா. பெயிண்ட் தூள் கண்ணுல விழுந்துடுச்சு.

– பெரிய வெள்ளம்னா... ஆத்துப் பாலத்தையே அடிச்சுக்கிட்டுப் போச்சே, அதுவா?

– அதேதான் ஓனரம்மா. அந்த ஷெட்டுல வேலை பாத்த மெக்கானிக் ஒருத்தரை இந்த வாரம்தான் தேடிப் பிடிச்சோம். பதினேழோட வால் விரிசல் விட்டிருந்ததாம். இருபத்திரண்டுல எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்களாம். வெள்ளத்துல ஜனங்க சாகுறாங்களேன்னு இருபத்திரண்டோட வாலைக் கழட்டி பதினேழுல மாட்டி அனுப்பிட்டாங்க. அப்பா அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்து ஏறினார். கண்ணு முன்னாடி பலகையில பதினேழு. வாலை அவர் எங்க பாத்தார்? வெளியே காவலுக்கு நின்னவர் வாலைத்தான் பாத்தார். போனது இருபத்திரண்டுன்னு சொல்லிட்டார்.

– அப்போ உள்ள உக்காந்து ஓட்டினவருக்கு ஒரு நம்பர். வெளியே நின்னு பாத்தவங்களுக்கு வேற நம்பர்.

– கப்புன்னு பிடிச்சுட்டீங்க. இது புரிய எங்களுக்கு ஆறு வருஷம் ஆச்சு.

– சுரண்டுங்க.

– என்னம்மா சொன்னீங்க?

– சுரண்டுங்கம்மா. சார், டார்ச்சை இப்படிக் குடுங்க. நான் பிடிக்கிறேன்.

– தம்பி, பச்சைக்குக் கீழே வெள்ளையா ஏதோ தெரியுது. நேர்க்கோடு. ஒண்ணுடா. முதல்ல ஒண்ணு.

– பக்கத்துல?

– பறக்காதே, இரு. பதமாத்தான் எடுக்கணும். மேல படுக்கையா ஒரு கோடு. அதோட முனையிலேருந்து சாய்வா கீழ இறங்குது... ஏழு. பதினேழு. தம்பி, பதினேழுடா.

– நகரு, நான் பாக்கணும். அட, ஆமா. ஜெயிச்சுட்டோம் அக்கா. புளுகு பைலட்டாம், புளுகு பைலட். இனி எவனாவது வாயைத் தொறக்கட்டும், பல்லைக் கழட்டி உன்கிட்ட அனுப்பி வைக்கிறேன்.

– அனுப்பு, இலவசமாவே பாத்துடறேன். போட்டோ எடுத்து நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போடு. என் பையனுக்குத் தனியா அனுப்பு.

– அதெல்லாம் அப்புறம். முதல்ல அப்பா. ஸ்பீக்கர்ல போடறேன். அப்பா, எங்க இருக்கீங்க?

– சிக்னல்ல நிக்கிறேன்டா.

– வீட்டுல சாய்வு நாற்காலியில படுத்துக்கிட்டு எப்பவும் இதே பதில்தான். அப்பா, விளையாடாம கேளுங்க. பதினேழு கிடைச்சிடுச்சு.

– போன வாரமும் கிடைச்சிடுச்சுன்னுதானே சொன்னே.

– இது நிஜம்ப்பா. நான் பேசுறேன், உங்க பொண்ணு. என் கையால சுரண்டிப் பாத்தேன். வால்ல இருபத்திரண்டு, உள்ள பதினேழு. நீங்க ஓட்டின சீட்டுல உக்காந்துக்கிட்டுதான் பேசுறேன். அப்பா? கேக்குதா?

– கேக்குது கண்ணு. இடது பக்கக் கதவு இன்னும் உதைச்சாத்தான் மூடுதா?

– கதவே இல்லப்பா. அந்த இடத்துல சறுக்குமரம் வச்சிருக்காங்க. பிள்ளைங்க உள்ள ஏறி அது வழியா சறுக்கி விளையாடுதுங்க.

– அடடா. அப்போ நல்ல இடத்துலதான் இறங்கியிருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், சோர்ந்து போயிடாதீங்க. அன்னிக்குப் பறந்தது பதினேழுதான்னு இனி யாரும் மறுக்க முடியாது. அதை ஓட்டினது நான்தான்னு வால் வந்து சொல்லுமா, பலகை வந்து சொல்லுமா?

– பாத்தீங்களா ஓனரம்மா, கையில பழத்தைக் குடுத்தா கொட்டையை எண்ணுற ஆளு.

– அவர் கேக்கிறது நியாயம்தான் சார். போனை என்கிட்ட குடுங்க.

– பெயிண்ட் விஷயமாம்மா? நாங்களே பாத்துக்கிறோம். வயசானவர்கிட்ட புகார் எதுவும் வேணாமே.

– புகார்தான் சொல்லப் போறேன். எங்கம்மாவோட புகார். குடுங்க. ஐயா, நான்தான் இந்தப் பார்க்கை நடத்துறவ. இந்த ஹெலிகாப்டரை ராணுவ ஏலத்துல எடுத்தது எங்கம்மா. வால்ல இருபத்திரண்டுன்னு பாத்துட்டுத்தான் எடுத்தாங்க. ஆனா மெடல் வாங்கினவர் போட்டோவை யார் காட்டினாலும், 'இவர் இல்லை, இவர் இல்லை'ம்பாங்க. கடைசி மூச்சு வரைக்கும் அதையேதான் சொன்னாங்க. நாங்க யாரும் நம்பலை.

– யாரும்மா உங்கம்மா?

– மழையில வழி தெரியாம நீங்க அந்தரத்துல நின்னுக்கிட்டு, 'சிக்னல்ல நிக்கிறோம்மா, அழாதே, பச்சை விழுந்ததும் போயிடலாம்'னு திரும்பித் திரும்பிச் சொன்னீங்களே ஐயா, அவங்கதான். பச்சை விழறதுக்குள்ள நான் பொறந்துட்டேன்.