குளத்துப் பம்பை ஏன் மாற்றவில்லை

அன்று காலை தோட்டத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி, என் மகள், மாப்பிள்ளை. எலெக்ட்ரீஷியன் முந்தின நாளே வந்துபோய்விட்டார். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

மீன்குளத்துப் பம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "சீல் போயிடுச்சு ஐயா. மோட்டாருக்குள்ள தண்ணி இறங்கி கரண்ட் கசியுது. ரிப்பேர் பண்ணினா தாங்காது, புதுசு போட்டுடுங்க. அதுவரைக்கும் ப்ளக்கைத் தொடாதீங்க."

அவர் வந்துபோன அன்று மாலை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். டீயைக் குடித்து முடித்துவிட்டு மகள் சொன்னாள்: "அப்பா, நாங்க பிரிஞ்சிடலாம்னு இருக்கோம்."

"யாரு மேலடி தப்பு?" என்றாள் என் மனைவி.

"யாரு மேலயும் இல்லம்மா. ஒத்துவரல, அவ்வளவுதான்."

மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னார். சிரித்த முகமாகச் சொன்னார்.

குடித்தார், அடித்தார் என்றால் நாலு பேரிடம் நிமிர்ந்து நின்று சொல்லலாம். ஒத்துவரவில்லை என்பதை எந்த முகத்தோடு சொல்வது? வாழாவெட்டி என்று பேர் வாங்கியவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தியும் இல்லை. கணவனை இழந்தவர்கள் உண்டு. அவர்களை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. நிதானமாகத்தான் யோசித்தேன், ஆத்திரத்தில் செய்தது என்று எழுதாதீர்கள்.

விடிந்ததும் மீன்களைப் பிடித்து வாளிகளில் விட்டேன். அவை ஒரு பாவமும் அறியாதவை. பம்பின் ப்ளக்கைச் செருகிவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். வரும்போதெல்லாம் பம்பில் அடைத்த இலைகளை அவர்தான் எடுத்துவிடுவார். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை.

"என்ன மாமா, மீனெல்லாம் கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிடுச்சா?"

"தண்ணி மாத்தணும். பம்பு ஓடல, கொஞ்சம் பாருங்க மாப்பிள்ளை."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். "கரண்ட் எடுத்தாச்சில்ல மாமா?"

"எடுத்தாச்சு" என்றேன்.

நான் பொய் பேசுகிறவன் அல்ல. அன்று ஒரு சொல் பேச வேண்டியிருந்தது.

விபத்து என்று எல்லோரும் நம்பினார்கள். மகள் என்னோடு பேசுவதில்லை. போகப் போகப் புரிந்துகொள்வாள். இனி எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவள் தலைகுனியாமல் போகலாம்.

ஆனால் தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. பெரியவர் காசைப் பார்த்து ஓட்டைப் பம்பையே ஓட்டி மாப்பிள்ளையைச் சாகக் கொடுத்தார் என்கிறார்கள். அதற்காகத்தான் நானே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். அது தவறு. எலெக்ட்ரீஷியன் சொன்ன அன்று மதியமே, கடையில் இருந்ததிலேயே உசத்தியான பம்பை வாங்கிவிட்டேன். என் கட்டிலடியில், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.