இருபத்தொரு நாள் தண்ணியில்லாம

— அந்தத் தொட்டிங்களையும் வெளிய எடுத்து வெச்சிடுங்கண்ணே. கண்ணாடிக் கூடத்தை நாளைக்கே காலி பண்ணிக் குடுக்கணும்.

— நாப்பது செடியும் பச்சையா நிக்குது டாக்டரம்மா. இதையா குப்பையில போடுறது? பாவம்.

— பச்சையா நிக்குறதுதான் பிரச்சனையே.

— நல்லா இருக்கு போங்க. முப்பது வருஷமா தோட்டவேலை பாக்குறேன். செடி பொழச்சதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட ஆளை இப்பத்தான் பாக்குறேன்.

— இலைக்குள்ள ஒரு புரதம் இருக்குண்ணே. தண்ணி இல்லாத காலத்துல, இருக்குற ஈரத்தை வெளிய விடாம பிடிச்சு வெக்கிறது அதோட வேலை. முன்னாடியெல்லாம் ஒரு புரதம் எப்படி மடிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகும். இப்ப நாம சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள கம்ப்யூட்டர் வரைஞ்சு குடுத்துடுது. அதைப் பாத்து ஒரே ஒரு எடத்துல மாத்தினேன். மூணு வருஷம் அதுலயே போச்சு.

— அதான் மாத்தின செடி உசுரோட இருக்கே?

— மாத்தாததும் இருக்கே. இருபது மாத்தினது, இருபது சாதாரணம். தண்ணிய நிறுத்தி இருபத்தொரு நாள் ஆச்சு. சாதாரணச் செடி பதினஞ்சு நாள்லயே கருகியிருக்கணும். கருகல. அப்ப நான் மாத்தினதுல ஒண்ணுமே இல்லன்னுதானே அர்த்தம்?

— கருகியிருக்கணுமா?

— ஆமா. ஆராய்ச்சி தோத்துப் போச்சு, மூடிடலாம்னு மேலிடத்துக்கு எழுதி வெச்சிருக்கேன். சாயங்காலம் அனுப்பிட்டு ஒரு வாரம் தூங்கணும். அலுத்துப் போச்சுண்ணே.

— எது மாத்தினது, எது சாதாரணம்னு எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையேம்மா.

— சொல்லக் கூடாது. தெரிஞ்சா கை தன்னால ஒரு பக்கம் சாஞ்சிடும்.

— தெரியாமயே சாஞ்சிடுச்சும்மா.

— என்ன சொல்றீங்க?

— திட்டாதீங்க. பத்தாம் நாள் வந்து பாத்தேன், தலை தொங்கிக் கிடந்துச்சு. பாவம், மனசு கேக்கல. அன்னையிலேர்ந்து தெனம் காலையில ஆளுக்கு ஒரு டம்ளர்.

— அண்ணே... தண்ணி ஊத்தக் கூடாதுன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கேனே.

— படிச்சேன். தெனமும் படிச்சிட்டுத்தான் உள்ள போனேன்.

— மண்ணுல ஈரம் இருக்கான்னு நானாவது ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கணும். கருவி ரிப்பேர்ல கிடக்கு, உங்களை நம்பி விட்டுட்டேன். எல்லாத்துக்கும் தண்ணி ஊத்திட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே. எனக்கு இப்ப கோவப்படக்கூடத் தெம்பு இல்ல.

— எல்லாத்துக்கும் எங்கேம்மா ஊத்தினேன்? வாடினதுக்கு மட்டும்தான். நீலச் சீட்டு ஒட்டின இருபதுக்கும்.

— நீலச் சீட்டா? அது சாதாரணச் செடி. அப்ப வெள்ளைச் சீட்டுக்கு?

— அதுக்கு ஒரு சொட்டும் ஊத்தலம்மா. அதுங்கதான் வாடவே இல்லையே.