முகவரி நான் கொடுக்கவில்லை

காலையில் கவுன்டரைத் திறந்ததும் முதல் வேலையாகப் பசை டப்பாவைத் துடைத்து வைப்பேன். காய்ந்த பசையோடு யாராவது அதை அப்படியே விட்டுப் போனால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மற்றபடி நான் பொறுமைசாலிதான் சார், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

தபால் நிலையத்தில் முகவரி மாற்றும் கவுன்டர் என்னுடையது. வீடு மாறியவர்கள் எழுதிக் கொடுத்தால், பழைய வீட்டுக்கு வரும் தபாலைப் புது வீட்டுக்குத் திருப்பிவிடுவேன். இன்னொரு வேலையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பெயர், கணக்கு எண், வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்டுக் கடிதம் வந்தால் ஜனங்கள் நேரே என்னிடம் கொண்டுவருவார்கள். உண்மையானது என்றால் மூலையில் பச்சை மையில் ஒரு டிக் போடுவேன். அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் பதில் எழுத மாட்டார்கள். "காதல் கடிதம் வந்தாலும் டிக் அக்காகிட்டதான் காட்டணும் போல" என்று பக்கத்துக் கவுன்டர்க்காரர் கிண்டல் செய்வார்.

தையல்காரியும் அப்படித்தான் வந்தாள். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து கடிதம். உதவித்தொகை தொடர வேண்டுமானால் இப்போதைய முகவரி, மகள் படிக்கும் பள்ளி, வீட்டில் ஆள் இருக்கும் நேரம் எல்லாம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது. பழைய முகவரிக்கு வந்து, எங்கள் மூலமாக அவளுக்குத் திரும்பிய கடிதம்.

கெட்டிக்காரி அவள். நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதை மறக்காமல் கேட்டாள். "மாசாமாசம் பணம் அனுப்புறவங்களுக்கு என் அட்ரஸ் தெரியாதாக்கா? எதுக்குத் திரும்பக் கேக்குறாங்க?"

"புதுசா சரிபார்க்கிறாங்கம்மா."

"இதுல இருக்கிற நம்பர் வேணாம். ஆபீஸ் நம்பரை நானே தேடி ஒரு போன் போட்டுரட்டுமா?"

"நான் காலையிலேயே போட்டுக் கேட்டுட்டேன். நிஜந்தான்."

டிக் போட்டேன். என் பேனாவையே வாங்கி, என் எதிரிலேயே எழுதினாள். "நீங்க இருக்கீங்கன்னுதான்க்கா தைரியமா இருக்கேன்" என்றாள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏமாந்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். பொய்க் கடிதத்தை நான் அடையாளம் தெரியாமல் விட்டதே இல்லை. அந்தப் பெயரோடு என்னால் இருக்க முடியாது.

தையல்காரி கடிதத்தோடு வந்ததற்கு முந்தைய மாதம் அவள் புருஷன் கவுன்டருக்கு வந்தான். லாரி ஓட்டுகிறவன். சத்தம் போடவில்லை. "பொண்ணு மூஞ்சியைப் பார்த்து ஒரு வருஷமாச்சு" என்று சொல்லிவிட்டு நின்றான். அவள் முகவரி என் மேஜைக்குள்தான் இருந்தது. கொடுக்க முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னேன். விதி அது. ஆனால் அவன் போகவில்லை. எனக்கும் அவனைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை.

என் மருமகளும் இப்படித்தான் என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. என் மகன் வேலையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். சோறு வைத்தால் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்க மாட்டான். அந்த வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

குழந்தைகள் நல அலுவலகம் எழுதுகிற மாதிரி அந்த லாரிக்காரன் எழுதிக் கொண்டுவந்த முதல் கடிதம் உருப்படாதது. ஏழு நாளில் பதில் வராவிட்டால் நடவடிக்கை என்று ஒரே மிரட்டல். மிரட்டினால் சந்தேகம் வரும் என்று அடித்துவிட்டேன். பதில் போக ஒரு தபால் பெட்டி எடுக்கச் சொன்னேன். கடைசியில் ஒரு வரியும் நான்தான் சேர்த்தேன்: எங்கள் அலுவலர் நேரில் வந்து விவரங்களைச் சரிபார்ப்பார்.

அதனால்தான் கதவு உடைக்கப்படவில்லை. அவன் கதவைத் தட்டி அலுவலர் என்றதும் அவளே திறந்திருக்கிறாள். குழந்தை பள்ளியில் இருந்தது, அந்த மட்டும் நல்லது. தையல்காரியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது உயிர் இல்லை.

முன்பு ஒருமுறை அவன் அவள் தாடையை உடைத்தது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முகவரி மாற்ற வந்த அன்றே, பாதி வாய்தான் திறக்க முடிந்தது, அதிலேயே சொன்னாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், முகத்துக்கு முகம் பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இப்போதும் ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முகவரியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் கையால் அவளே எழுதினாள்.

அவள் மகள் இப்போது அப்பாவைப் பெற்றவள் வீட்டில் இருக்கிறாள். போய்ப் பார்த்தேன். அன்றையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம், யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாளாம். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் சார். சொந்த மனுஷர்களிடம்தானே வந்து சேர்ந்திருக்கிறாள்.