ஆமை மூச்சு விடும் விதம்

லிஃப்டில் ஏறியவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர்? மாடி எண்ணைப் பார்ப்பார்கள். இல்லையென்றால் தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள். சுவரில் ஒட்டியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதில்தான் வருத்தம். மற்றபடி யார்மீதும் கோபம் கிடையாது.

மூலக்குளத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் செயலாளர். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன், வேறு யாரும் மனுக் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கினேன். விக்கிபீடியாவில் ‘ஏதாவது ஒரு பக்கம்’ என்பதற்கு ஒரு சுட்டி உண்டு. அழுத்தினால் உலகத்தின் ஏதோ ஒரு மூலை திறக்கும். தினமும் ஒரு தகவலை எடுத்து, ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று தமிழிலும் பிரெஞ்சிலும் தலைப்புப் போட்டு, அடியில் என் பெயரையும் பதவியையும் எழுதி லிஃப்டுக்குள் ஒட்டுவேன். குடியிருப்பில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. எனக்கும் அந்த ஒரு வரிதான் தெரியும். இருந்தாலும் இது புதுச்சேரி அல்லவா.

ஒருநாள் மின்வெட்டில் சுலோசனா டீச்சர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். செல்போன் வெளிச்சத்தில் பொழுது போகாமல் சுவரைப் படித்திருக்கிறார். வெளியே வந்ததும், “ஏன் சார், ஆக்டோபஸுக்கு மூணு இதயமா? நெஜமாவா?” என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையில் இருந்த காலம் முழுக்க என்னிடம் யாரும் ‘நெஜமாவா’ என்று கேட்டதில்லை.

மின்வெட்டு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. லிஃப்டின் மெயின் சுவிட்ச் செயலாளரின் கையில் இருக்கிறது. ஒரு பக்கம் படித்து முடிக்கும் நேரம் மட்டுமே அணைத்து வைப்பேன். இருட்டில் சிரமப்படுவார்களே என்று சொந்தச் செலவில் உள்ளே பேட்டரி விளக்கு மாட்டினேன். அதற்காகப் பொதுக்குழுவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு தகவல்கள் கொஞ்சம் நீண்டன. அதற்கேற்ப நேரமும் நீண்டது.

அம்மாவாசை என்று ஒரு பெரியவர் நான்காவது மாடியில் மகன் வீட்டில் இருந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பாதி பஞ்சு நூலாச்சு, மீதி என் நெஞ்சுக்குள்ள போச்சு என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மூச்சிரைப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப் ஒன்று வைத்திருந்தார்.

அவரும் படித்தார். அதை நான் மறைக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவில் பட்டாளம் துப்பாக்கியோடு போய் ஈமு கோழிகளிடம் தோற்ற கதையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வெளியே வந்தார்.

“கோழி ஜெயிச்சிச்சு. சரி. அதனால என்னா சார்?”

நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “அது புரியுது சார். அதனால என்னா?” என்றார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். “குட்மார்னிங் செக்ரட்டரி சார், அதனால என்னா?” என்று கத்திவிட்டு ஓடுவார்கள். சுலோசனா டீச்சர் தன் மகள் கல்யாணத்துக்குக் குடியிருப்பையே அழைத்திருந்தார். பந்தியில், வாழைப்பழம் தாவரவியலின்படி பெர்ரி வகை என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னேன். எதிர் வரிசை மொத்தமும் “அதனால என்னா?” என்றது. மோர் பரிமாறியவன்கூடச் சிரித்தான். டீச்சரும் சிரித்தார். நான் பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

குடியிருப்பில் ஆள் இல்லை. இருமல் என்று கல்யாணத்துக்குப் போகாத அம்மாவாசை, சோடா வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். மூன்றாம் மாடியைத் தாண்டியதும் அணைத்தேன். லிஃப்டைச் சுற்றித்தான் படிக்கட்டு. லிஃப்டுக்குக் கம்பிக் கதவு, படியில் உட்கார்ந்து உள்ளே இருப்பவரோடு பேச வசதியாக இருக்கும். ஏறிப் போய் உட்கார்ந்தேன்.

“கரண்டு போச்சா சார்?”

“போயிருக்கும். சும்மாதானே நிக்கிறீங்க, படிங்க.”

“கண்ணாடி எடுத்தாரல சார்.”

அதனால் நானே சொன்னேன். ஆஸ்திரேலியாவில் ஓர் ஆமை உண்டு. தண்ணீருக்குள் இருக்கும்போது வால்புறத்தாலும் மூச்சு விடும்.

“ஆமை வுடுது சார்,” என்றார். இருமினார். “எனக்குத்தான் வுட முடியல. பம்ப் மேல வூட்லயே கெடக்குது. இந்தாங்க சாவி. செத்த எடுத்தாந்து குடுங்க.”

சாவி என் சட்டைப்பையில் கிடைத்தது என்கிறீர்கள். உண்மைதான். ஒருவர் நீட்டும்போது வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை.

“என்னா சொல்லணும் சார்? சொல்லுங்க, சொல்லிர்றேன்.”

“ஒண்ணுமில்லை. ‘அப்படியா’ன்னு கேளுங்க, போதும்.”

“அப்படியா சார். அப்படியா. தொறங்க.”

அது மனதிலிருந்து வரவில்லை. அவசரத்துக்குச் சொன்னது. நான் யாரையும் பொய் சொல்லக் கட்டாயப்படுத்துகிறவன் இல்லை. ஆகவே ஆமையைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து, நிதானமாகச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு உட்கார்ந்து கேட்டார். சோடா பாட்டில் உருண்டு மூலைக்குப் போனது. இடையில் அவர் பேசவில்லை. நான் சொல்வதை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், அதற்கு நன்றி.

சுவிட்சை அணைத்தது நான்தான். பம்ப்பை எடுத்துத் தராததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணத்தை மட்டும் டாக்டர் தவறாக எழுதியிருக்கிறார். மூச்சுத் திணறல் என்கிறார். அவர் அங்கே இல்லை. பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன். கண்கள் இரண்டும் விரிந்திருந்தன. வாய் திறந்தபடி இருந்தது. ஆச்சரியத்தில் ஒரு மனிதரின் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாதா? கடைசியில் அவர் ‘அதனால என்னா’ என்று கேட்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.