நாரேயின் வெறும் முகம்

உங்கள் மகள் கல்யாணத்துக்கு மினரல் பவுடர் வாங்கப்போவதாகச் சொன்னீர்கள் அல்லவா, சார்? கடை விளக்கில் பார்த்து வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தாடையோரம் கொஞ்சம் தடவிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படமும் ஃபிளாஷோடு ஒரு படமும் எடுத்துப் பார்க்கட்டும். வெள்ளைத் தாது அதிகம் கலந்த பவுடர் கண்ணாடியில் இளவரசி மாதிரி காட்டும். ஃபிளாஷ் அடித்தால் மாவு மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி காட்டும். மினுக்கும் தாது அதிகமென்றால் வேர்த்து வழிந்த முகமாகத் தெரியும். நன்றாக அரைத்த பவுடராகப் பார்த்து, மூன்று தடவை மெல்லியதாகப் போட வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சியோலில் இருபத்திரண்டு வருடம் கல்யாண மண்டபங்களில் மணப்பெண்களுக்கு மேக்கப் போட்டவள் நான். ஒரு ஆல்பத்தில் பெண்ணின் நெற்றி வெள்ளை வெளேர் என்று விழுந்துவிட்டது என்பதற்காக, மாமியார்க்காரி நூறு பேர் நடுவில் என்னை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அங்கிருந்து என்னைக் கைதூக்கி விட்டவள் போங் நாரே. அவள் தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் என் வேலையைப் பார்த்துவிட்டு, தான் வேலை செய்த வீட்டுக்கடைச் சேனலுக்கு அழைத்துப் போனாள். டிவியில் நேரலையாகப் பொருளைக் காட்டுவார்கள், மக்கள் வீட்டிலிருந்தே ஃபோனில் வாங்குவார்கள். நாரே அதில் மினரல் பவுடர் விற்கிற தொகுப்பாளினி. வயது முப்பத்தொன்று. என்னைத் தவிர யாரையும் முகத்தைத் தொட விடமாட்டாள். சேனலில் அத்தனை பேரும் என்னை ஆசிரியை என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், அவள் மட்டும் அக்கா என்றாள்.

அவளுடைய நிகழ்ச்சி செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு. ஆரம்பத்திலேயே நாரே முகத்தைக் கழுவிவிட்டு வந்து கேமராவுக்கு மிக அருகில் நிற்பாள். "இதுதாங்க என் வெறும் முகம்" என்பாள். பிறகு பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டு வித்தியாசத்தைக் காட்டுவாள். நம் ஊரில் ஒரு பெண் வெறும் முகத்தைக் காட்டுவது சாதாரண விஷயம் இல்லை, உங்களுக்கே தெரியும். தெருமுனைக் கடைக்குப் போனால்கூட முகக்கவசம் மாட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் நாங்கள். அதனால்தான் அந்த இரண்டு நிமிடத்தை எல்லோரும் நம்பினார்கள்.

அந்த வெறும் முகத்தையும் நான்தான் போட்டேன். இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கழுவுகிற காட்சியைப் பதிவு செய்து வைத்திருப்போம். அது ஓடி முடிவதற்குள் வெறும் முகம் மாதிரியே ஒரு முகத்தை அவள் மேல் நான் செய்து முடித்திருப்பேன். மூக்கோரம் ஒரு சிவப்பு, கன்னத்தில் இரண்டு மயிர்த்துளை, எல்லாம் விட்டுவைத்திருப்பேன். அதுதான் என் வேலையிலேயே கஷ்டமான வேலை, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஏப்ரலில் அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தயாரிப்பாளர் ஷின் ஒத்திகையில் எல்லோர் முன்பும், "என்ன நாரே, கிம்ச்சிப் பானையையே முழுங்கிட்டியா?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். ஒப்பனை அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். செப்டம்பரில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், மருத்துவர் என்று பலகை எதுவும் இல்லாதவர், இளைப்பதற்கு மூலிகைக் கஷாயம் காய்ச்சிப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் அடைத்துத் தருவார். வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு என்றார் அவர். சீக்கிரம் பலன் தெரியட்டும் என்று நான்தான் மூன்று குடிக்கச் சொன்னேன்.

பலன் தெரிந்தது. ஜூன் மாதம் கன்ன எலும்பு எழும்பி வந்து, வெளிச்சம் அதன் மேல் பட்டு நின்றது. ஷின் வாயே திறக்கவில்லை. விற்பனையும் ஏறியது.

ஜூலை முதல் வாரம் அவள் தோல் மஞ்சளாவதைப் பார்த்தேன். என்னைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் என்னைத் தாண்டித்தான் அந்த முகம் வெளியே போகும். மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இல்லை, பழைய காகிதத்தின் மஞ்சள். மஞ்சளை ஊதா அடக்கும். மினரல் பவுடரில் வெளிர் ஊதாவை ஒரு சிட்டிகை சேர்த்து மூன்று தடவை போட்டேன். அழகாக அமர்ந்தது. இரசாயனக் கிரீமாக இருந்திருந்தால் தோல் எரிந்திருக்கும். மினரல் என்பதால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதில் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

கண்ணின் வெள்ளையும் மஞ்சளானபோதுதான் சிக்கல். கண்ணுக்குள் பவுடர் போட முடியாதே. ஒரு நாள் கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, என் கண்ணு மஞ்சளா இருக்கா?"

"ரூம் லைட்டு அப்படி, நாரே. என் கண்ணையும் பாரு, மஞ்சளாத்தான் தெரியும்."

என் கண்ணைப் பார்த்தாள். நான் சொன்னதால் மஞ்சளாகவே தெரிந்திருக்கும் போல, சிரித்துவிட்டாள். மறுநாள் ஒப்பனை அறைப் பல்புகள் அத்தனையையும் நீல வெள்ளையாக மாற்றச் செய்தேன். கேமராக்காரரிடமும் கொஞ்சம் நீலம் கூட்டச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருட அனுபவத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

ஆஸ்பத்திரிக்கு ஏன் அனுப்பவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். போனால் என்ன குடித்தாய் என்று கேட்பார்கள். யார் கொடுத்தது என்று கேட்பார்கள். படுக்கையில் போட்டால் இரண்டு மாதம் ஆகும். அந்த இடைவெளியில் புதிதாக ஒருத்தி வருவாள், தன் மேக்கப்காரியைத் தன்னோடு கூட்டி வருவாள். செப்டம்பர் தாண்டட்டும், கையெழுத்து ஆகட்டும், பொட்டலத்தை நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் எதிர்காலத்தைத்தான் யோசித்தேன். என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொன்னால் பொய்.

ஆகஸ்டில் அவளுடைய அம்மா என்னை ஃபோனில் கூப்பிட்டார். தெற்கே ஹேனாமில் முட்டைக்கோஸ் பயிரிடுகிறவர். நல்ல மனுஷி, அந்தக் கோஸை ஊறப்போட்டு எனக்கும் சேர்த்தே கிம்ச்சி அனுப்புவார். மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, கிளம்பி வரட்டுமா என்று கேட்டார். ஃபோனில் நன்றாக இருக்கிறேன் அம்மா என்றுதான் சொல்வாளாம், அந்தப் பேச்சை அவர் நம்புவதில்லையாம்.

"செவ்வாக்கிழமை டிவில வெறும் முகத்தோட வருவால்ல, அத பாத்தாத்தான் எனக்கு அந்த வாரம் சோறு எறங்கும். முகம் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் மனசு அடிச்சுக்குது. நீங்க தெனமும் பக்கத்துல இருந்து பாக்குறவங்க, சொல்லுங்க, வரட்டுமா?"

"டிவில பாத்தீங்கல்ல, அதுதாம்மா அவ முகம். நடவு வேலைய விட்டுட்டு எதுக்கு அலையறீங்க?"

நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். எனக்கு நன்றியும் சொன்னார். தாய் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்கள். என் வேலை அந்தக் கண்ணுக்கே தப்பியது. அந்த ஃபோனை வைத்ததும் எனக்குள் சந்தோஷம் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். பெற்றவளே நம்புகிற வெறும் முகத்தை இந்த நாட்டில் வேறு யார் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், சொல்லுங்கள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது பன்னிரண்டுக்கு நான் ஒப்பனை அறைக்குள் போனதும், ஒன்பது முப்பத்தொன்றுக்கு ஆம்புலன்ஸ் கேட்டு 119-க்கு ஃபோன் போனதும் உங்களிடம் பதிவாக இருக்கிறது. நடுவில் பத்தொன்பது நிமிடம். கதவைத் திறந்ததும் அதிர்ச்சியில் உறைந்து நின்றுவிட்டேன் என்று உங்கள் போலீஸ்காரர் எழுதி வைத்திருக்கிறார். அது தப்பு. நான் உறையவில்லை.

நாரே சோபாவுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. முகம் கழுவியிருந்தாள். அன்றுதான் அவளுடைய உண்மையான வெறும் முகத்தை அத்தனை வெளிச்சத்தில் முழுதாகப் பார்த்தேன். அந்த நீலப் பல்புக்குக்கூட அடங்காத மஞ்சள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்தால், இது இன்று நேற்று வந்தது இல்லை என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். தினமும் இந்த முகத்தைத் தொடுகிறவள் யார் என்றுதான் அடுத்து கேட்பார்கள்.

அவளுக்கு நினைவு இருந்தது. அதை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

"அக்கா, 119-க்குப் போடு. முடியல."

போடுகிறேன் என்றேன். பெட்டியைத் திறந்தேன். ரத்தத்தை ஈரப் பஞ்சால் துடைத்தேன். ஊதாவை முதலில் போட்டேன், அதன் மேல் பவுடரை மூன்று தடவை, மெல்லியதாக. உதட்டுக்கு லேசாக ஒரு சிவப்பு. பிறகு வந்தவர்கள், காலையில் சாப்பிடாமல் மயங்கிவிட்டாள் என்று நான் சொன்னதை நம்பினார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம், அதற்குள் ஈரல் கைவிட்டிருந்ததாம். நடுவில் யாரோ ஒரு நர்ஸ், தூங்குகிற மாதிரி இருக்கிறாள் என்று போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாராம். அதற்காக அவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

பவுடர் போடும்போது என் கை நடுங்கவில்லை. அவள்தான் நடுங்கினாள். இமை துடித்துக்கொண்டே இருந்ததால் தூரிகை நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொள் நாரே, ஒரே நிமிஷம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கடைசிவரை என்மேல் கோபமே வராத பெண், சார். என்னை அவ்வளவு பிடிக்கும் அவளுக்கு.