தாராவிப் பொங்கலைத் தாராவிப் பொங்கலாகவே காத்த ஸ்ரீலேகா அம்மையாருக்கு

மரபு காக்கும் மன்றத்தின் மாண்பே! மும்பை அலுவலகத்தின் முதுகெலும்பே! டோம்பிவிலியில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கி, கசங்கிய புடவையோடும் கசங்காத நெஞ்சுரத்தோடும் நாள்தோறும் எங்களுக்கு முன்பே வந்தமர்ந்த அன்புத் தலைவியே! உலகப் பண்பாட்டு மரபுக் காப்பு மன்றத்தின் வட்டார இயக்குநராக வீற்றிருந்து இன்று பணி நிறைவு பெறும் திருமதி ஸ்ரீலேகா பத்ரிநாராயணன் அவர்களே! வணக்கம், வணக்கம், பல்லாயிரம் வணக்கம்!

பொறுமையில் பூமாதேவி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தோம். எழுதினால் அரங்கமே சிரித்துவிடும் என்று விட்டுவிட்டோம். தாங்கள் சினந்தால் திலக் நகர் ஸ்டேஷன் வரை கேட்கும் என்பது ஊரறிந்த சேதி. ஆயினும் அச்சினம் ஒருநாளும் கீழே இருப்பவர்மேல் பாய்ந்ததில்லை; மேலிடத்தின்மேல் மட்டுமே பாய்ந்தது. அதனால் நாங்கள் அதை மனமார ரசித்தோம்.

கடலோரக் கோட்டைகளையும், குகைக் கோயில்களையும், மீனவர் பாடல்களையும் முப்பதாண்டுகளுக்கு மேலாக முனைந்து காத்த தங்கள் முயற்சிகளை முறையாக வரிசைப்படுத்தவே எண்ணியிருந்தோம். யாருக்கு இன்று அதற்குப் பொறுமை இருக்கிறது? நேற்று மாலை வந்ததே செய்தி! தாராவிப் பொங்கல் உலக மரபுகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டுவிட்டது! அலுவலகத்தில் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டடத்தார் தீப்பிடித்ததோ என்று ஓடி வந்தார்கள்.

இதற்கு என்ன பாடு பட்டோம்! தை முதல் நாளில் தாராவிச் சாலையோரத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் அவ்விழாவுக்கான முதல் மனு, "பழமை தெரியவில்லை" என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறையும் திரும்பினால் மூன்றாம் வாய்ப்பு இல்லை. புதிய கட்டடத் திட்டத்திலோ அச்சாலையோரம் வண்டி நிறுத்தும் இடமாகக் குறிக்கப்பட்டிருந்தது. மன்றத்தின் ஏற்பு கிடைத்தால்தான் அந்த இடம் பெண்களுக்கு நிலைக்கும்.

அந்நேரம் பார்த்துத் தலைமையகம் ஒரு யோசனை சொல்லியனுப்பியது. எல்லாரும் மண்பானையில் பொங்க வேண்டுமாம். ஒரே நிறச் சேலை கட்ட வேண்டுமாம். ஒலிபெருக்கியும் வடாபாவ் விற்கும் தள்ளுவண்டியும் ஆய்வுக் குழுவின் கண்ணில் படவே கூடாதாம்! அன்று தாங்கள் தொலைபேசியில் முழங்கியது எங்கள் காதில் இன்னும் ஒலிக்கிறது: "நாடகம் போடறதுக்கா நாம சம்பளம் வாங்கறோம்? அவா வருஷா வருஷம் எப்படிப் பொங்கறாளோ, அப்படியே வந்து பாக்கட்டும். பிடிக்கலேன்னா என்னை அனுப்புங்கோ, அவாளை மாத்தாதீங்கோ!"

வேலையையே பணயம் வைத்த வீராங்கனையே! குழு வந்தது. எவர்சில்வர் பானை, பித்தளைப் பானை, அலுமினியச் சட்டி என அவரவர் பாத்திரத்தில் பால் காய்ந்துகொண்டிருந்தது. குழுத் தலைவி ஒரு பிளாஸ்டிக் வாளியைச் சுட்டி, "இதுவும் மரபா?" என்று கேட்டார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. பெண்கள் குழுவை நடத்தும் இட்லிக்கடைக் கனகவள்ளி அக்கா இடுப்பில் கைவைத்து, "தண்ணிய பின்ன கையிலயா ஏந்திட்டு வர முடியும்? எங்க ஆத்தா ஊர்ல இருந்து வந்தப்ப பானையையா தூக்கிட்டு வந்தா? பொங்கலத்தான் கொண்டாந்தா. கெடச்சதுல பொங்குதோம்," என்றார். அதை ஒரு சொல்கூட மழுப்பாமல் மொழிபெயர்த்த தங்கள் துணிவை என்னென்று புகழ்வோம்!

அச்சாலையோர வீட்டு சஃபீனா விசிறியோடு ஓர் அடுப்பின்முன் குந்தியிருந்தார். "எனக்கு இது பண்டிகை இல்ல மேடம். ஆனா இந்தச் சனம் எங்க வாசல்ல பொங்கலைன்னா எனக்கு அன்னைக்குச் சோறே எறங்காது," என்றார். குழுத் தலைவி எழுதுவதை நிறுத்தினார். சற்று நேரத்தில் பால் பொங்கிக் குலவை எழுந்தபோது குழுத் தலைவியும் குலவையிட முயன்று இருமித் தீர்த்தார். அப்போதே எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பண்பின் பெட்டகமே! தாங்கள் நோய்நொடி அணுகாமல், நெரிசல் வண்டியின் நினைப்புமில்லாமல், கணவரோடும் மக்களோடும் களிப்புற்று, சினமும் சிரிப்பும் சற்றும் குறையாமல் நெடுங்காலம் நிறைவாழ்வு வாழ நெஞ்சார வேண்டுகிறோம்.

இன்னும் நாலு பத்தி எழுத ஆசைதான். விட்டால்தானே! தாராவிப் பெண்கள் திரண்டு வந்து நம் அலுவலக முற்றத்தில் அடுப்புக்குக் கல் கூட்டிவிட்டார்கள். தை வரைக்கும் பொறுக்க மாட்டார்களாம். காவலாளி கையைப் பிசைகிறார். பணியில் இருப்போர் மரபைப் பதியலாம், அதில் கலந்துகொள்ளக் கூடாது என்னும் விதிக்கு அஞ்சி இத்தனை ஆண்டுகள் அடுப்பைவிட்டு விலகியே நின்றீர்கள். கனகவள்ளி அக்கா சொல்லியனுப்பியிருக்கிறார்: "மேடம் இன்னையோட ஆபீசர் இல்லல்லா? இனி எங்கள்ல ஒருத்தி. மொத அரிசிய அவுக கையாலதான் போடணும். அதுவரைக்கும் ஒருத்தியும் போட மாட்டோம்."

மாலையைக் கழற்ற வேண்டாம், அப்படியே வாருங்கள் அம்மா. பால் பொங்குகிறது!

தங்களிடம் திட்டு வாங்கியும் தங்களைப் பிரிய மனமில்லாத
மும்பை வட்டார அலுவலக ஊழியர்கள்,
செம்பூர்.